304-ஆ, 310-ஆ: உலைக்கூடைக்கு எந்த உலோகம்?

ஓசூர் சிப்காட் பக்கம் ஹீட் ட்ரீட்மென்ட் (உலோகப் பாகங்களைச் சூடாக்கிப் பதப்படுத்தும்) பட்டறை நடத்துபவர்கள், பாகங்களை உலைக்குள் வைக்கும் கூடையை மாற்றும்போதெல்லாம் கேட்பது இது: 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதுமா, 310 ரகம் வாங்கணுமா? பலரும் கேட்லாக்கில் உள்ள உச்ச வெப்பத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அது பாதிக் கணக்குதான்.

மைல்ட் ஸ்டீலை (சாதாரண இரும்பை) விட்டுவிடுங்கள். 570 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பொருக்குப் பொருக்காக உதிரும். அலுமினியப் பூச்சுத் தகடு 650 வரை தாங்கும், புகைக்குழாய்க்கு நல்லது; ஆனால் வெல்டிங் வைத்த இடத்தில் பூச்சு போய்விடும், அரிப்பு அங்கேதான் தொடங்கும்.

304-இல் குரோமியம் சுமார் 18 சதவீதம், நிக்கல் 8. 310-இல் 25, 20. சூட்டில் குரோமியம் ஆக்சைடாகி மெல்லிய படலமாகப் படிந்து உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. ஒரே சூட்டில் காற்றில் வைத்திருந்தால் 304 சுமார் 925 வரை, 310 சுமார் 1150 வரை நிற்கும். சூடேறி ஆறி, சூடேறி ஆறி வேலை செய்தால் அதே எண்கள் 870, 1035 என இறங்கிவிடும். ஆறும்போது உலோகம் படலத்தைவிட அதிகம் சுருங்குவதால் படலம் வெடித்து உதிர்கிறது. அடுத்த சூட்டில் புதுப் படலம் போட மறுபடி குரோமியம் செலவாகிறது.

இங்கேதான் பலர் கோட்டைவிடுகிறார்கள். உலை ராப்பகலாக ஓடினாலும் கூடை அப்படி இல்லை; ஒவ்வொரு லோடுக்கும் உள்ளே போய், வெளியே வந்து, எண்ணெய்த் தொட்டியில் முங்குகிறது. ஆகவே கூடைக்குச் சின்ன எண்தான் பொருந்தும். 860-இல் ஹார்டனிங் (சூடாக்கி எண்ணெயில் முக்கிக் கடினமாக்குதல்) செய்பவருக்கு 304 விளிம்பில் நிற்கிறது. விலை கூடினாலும் 310 வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். அதற்கும் ஒரு குறை உண்டு: 600 முதல் 900 வரை நெடுநாள் கிடந்தால் நொறுங்கும் தன்மை வரும். ஆறிய பழைய கூடையைத் தொப்பென்று கீழே போடாதீர்கள், சுத்தியலால் தட்டி நிமிர்த்தாதீர்கள்.

நிக்கல் 72 சதவீதம் உள்ள இன்கோனல் 600 என்ற கலப்பு உலோகம் மின்சார உலைக்கு அருமையானது. கந்தகம் கலந்த ஃபர்னஸ் ஆயில் எரியும் உலையில் வேண்டாம். கந்தகம் தாக்கி உண்டாகும் நிக்கல் சல்பைடும் நிக்கலும் சேர்ந்து 640 டிகிரி சுமாரிலேயே உருகத் தொடங்கும். நிக்கலே இல்லாத 446 ஸ்டெயின்லெஸ் ரகம் அங்கே தாக்குப்பிடிக்கும், ஆனால் சூட்டில் பலம் குறைவு, பாரம் ஏற்றினால் தொய்ந்துவிடும்.

வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்த்து ஏமாறாதீர்கள். 304, 310 இரண்டிலுமே ஒட்டாது. ஸ்பெக்ட்ரோ சோதனையில் (உலோகத்தில் எது எத்தனை சதவீதம் என்று காட்டும் சோதனை) குரோமியம் 24–26, நிக்கல் 19–22 வந்தால் மட்டும் 310-க்கான காசைக் கொடுங்கள்.