நார்னியா 7 புத்தக செட்: 1ம் நம்பர்ல தொடங்கிராதீங்க

மகளுக்கு ஒன்பது வயசு, லீவுக்கு வாசிக்கட்டும் எண்டு நார்னியா எண்ட இங்கிலீஷ் பிள்ளைகள் கதைப் புத்தகம் ஏழும் உள்ள பொக்ஸ் செட் ஒண்டு ஒன்லைன்ல எடுத்தன், விலைய மனுசிக்கு இன்னும் முழுசாச் சொல்லல்ல. மட்டக்களப்புக்கு வந்து சேர பத்து நாள், வந்ததும் ஒரு மூலை நசுங்கித்தான் வந்திச்சு. போட்டோ அனுப்பினன், பாக்கம் எண்டாங்க, இன்னும் பாத்துட்டே இரிக்காங்க. அத விடுங்க.

பெரிய பிரச்சினை நம்பர்தான். இதில 1 எண்டு போட்டிரிக்கிற மந்திரவாதிட மருமகன் கத (The Magician's Nephew), எழுதின சி.எஸ். லூயிஸ் 1955ல ஆறாவதா விட்டது. கதைக்குள்ள நடக்கிற காலத்தப் பாத்து முன்னுக்குத் தூக்கி வச்சிட்டாங்க. 1950ல முதல் வந்தது, நாலு பிள்ளைகள் ஒரு அலுமாரிக்குள்ளால நார்னியா எண்ட மாய உலகத்துக்குப் போற கத (The Lion, the Witch and the Wardrobe), அந்த அலுமாரிக் கதைக்கு இதில 2ம் நம்பர். நானும் தெரியாம 1ல தொடங்கி, மூணாம் நாள் மகள் கொட்டாவி விடுறா. மறுகா 2ஐ எடுத்தம், அண்டைக்குப் பத்தரை மட்டும் நித்திர இல்ல. பனிக்காட்டுக்கு நடுவுல தனிய ஒரு லைட் போஸ்ட் எரியிது, அது ஏன் அங்க நிக்கிது எண்டு தெரியாததுதான் ருசி, 1ம் நம்பர முதல் வாசிச்சா அந்தக் குட்டு அங்கயே உடைஞ்சிரும்.

நான் இங்கிலீஷ்ல வாசிச்சு தமிழ்ல சொல்றது. நாலு பேர்ல சின்னவ லூசி உள்ளுக்குப் போற அலுமாரி எங்களுக்கு மாமிட சீலை அலுமாரிதான், கதையிலயும் பூச்சி உருண்ட விழுது, அதே மணம். பனி எண்டா என்னெண்டு மகள் பிரிஜ்ஜுக்குள்ள கைய வச்சிப் பாத்திட்டு வந்தா. சூனியக்காரி எட்மண்டுக்குக் குடுக்கிற டர்கிஷ் டிலைட்ட மஸ்கட் இனிப்பு மாதிரி எண்டன். "அதுக்கா எட்மண்ட் அண்ணனயும் அக்காவையும் காட்டிக் குடுத்தான்?" எண்டு சரியான கோவம் அவவுக்கு. லண்டன்ல குண்டு போட்டதால அந்த நாலு பிள்ளைகளயும் ஊருக்கு அனுப்பின இடம் வரக்குள்ள, வெத்திலை மடிச்சிட்டிருந்த மாமி, "90ல நாங்க ஓடக்குள்ள அலுமாரியப் பூட்டிட்டுத்தான் ஓடின புள்ள, வந்து பாத்தா அலுமாரியே இல்ல" எண்டா.

எல்லாம் நல்லம் எண்டு சொல்ல மாட்டன். 1954ல வந்த குதிரைக் கதையிலயும் 1956ல வந்த கடைசிப் புத்தகத்திலயும் நார்னியாவுக்குத் தெக்கால உள்ள கலோர்மன் நாட்டு ஆக்கள் வாறாங்க, கறுத்த நிறம், தலப்பா, வளைஞ்ச வாள், பெரும்பாலும் கெட்டவங்க. அராவிஸ் எண்டு ஒரு நல்ல புள்ளயும் அங்கால இரிக்கிறா, இல்லெண்டு இல்ல. எண்டாலும் காத்தான்குடியில முஸ்லிம் கூட்டாளி வச்சிரிக்கிற புள்ளைக்கு அத அப்படியே வாசிச்சுக் குடுக்க எனக்கு வாய் வராது, நிப்பாட்டிக் கதைக்கத்தான் வேணும். கடைசியில நாலு பேர்ல மூத்த அக்கா சூசன லிப்ஸ்டிக், நைலோன் எண்டு சொல்லிக் கழட்டி விடுறதக் கேட்டு மனுசி ஏசினா, ஞாயமான ஏச்சு.

காசு மட்டு எண்டா அலுமாரிக் கதையையும் 1952ல வந்த கப்பல் கதையையும் (The Voyage of the Dawn Treader) மட்டும் தனிய வாங்குங்க, பவுலின் பேன்ஸ் கீறின படம் இரிக்கிற பதிப்பாப் பாத்து.

நாங்க இப்ப கப்பல் கதையில, அந்தப் பிள்ளைகள்ட சொந்தக்காரப் பெடியன் யூஸ்டஸ் டிராகனா மாறிட்டான். அலுமாரிக்குள்ள போனாக் கதவ சாத்தக்கூடாது எண்டு புத்தகத்திலயே திருப்பித் திருப்பிச் சொல்லியிரிக்காம், மகள் ராவைக்கு மாமிட அலுமாரியத் துறந்து வச்சிட்டுத்தான் படுக்கா, மாமி எழும்பி எழும்பிச் சாத்துறா.