செங்கோட்டையின் ஊர்ப்பேச்சு: பகுதி சபையா, நூலகக் கூட்டமா, மலைக்கு அந்தப்பக்கத்து முறையா?

1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊர் செங்கோட்டை. அதே நவம்பர் 1-ஐத் தமிழக அரசு உள்ளாட்சி நாளாக அறிவித்து, 2022-இல் அந்நாளிலேயே நகர்ப்புற வார்டுகளில் மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் பகுதி சபைகளைக் கூட்டத் தொடங்கியது. ஊரின் பழங்கதைக்கும் நாளைய திட்டத்துக்கும் ஒரே நாள் அமைந்துவிட்ட இவ்வூரில், இரண்டையும் மக்கள் எந்த அவையில் பேசுவது என்பதற்கு மூன்று வழிகள் கண்முன் உள்ளன.

பகுதி சபையின் பலம் சட்டம். கவுன்சிலர் முன்னிலையில் சொன்ன குறை பதிவாகிறது. நகராட்சியிடம் பதில் கேட்க இடம் கிடைக்கிறது. ஆனால் குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு என்று அன்றாடப் பாடுகளே நேரத்தை எடுத்துக்கொள்ளும் அவையில், ஊரின் பழமையைப் பற்றி ஒருவர் எழுந்து பேசினால், அதற்கென்று தனிக் கூட்டம் போடலாமே என்ற முணுமுணுப்பு எழத்தான் செய்யும். அதில் நியாயமும் உண்டு. தண்ணீர் வராத தெருக்காரருக்கு முதலில் தண்ணீர்தான் வேண்டும்.

அந்தத் தனிக் கூட்டத்துக்கு ஏற்ற இடம் நூலகத் திண்ணையோ கோயில் மண்டபமோதான். அங்கே பேச்சு தானாக ஊறும். ஊர் நுழைவாயிலில் துவாரபாலகர்களோடும் திருவிதாங்கூரின் சங்கு முத்திரையோடும் இன்றும் நிற்கும் வளைவு, கொல்லம் ஆண்டுக் கணக்கில் தேதியிட்ட பழைய பத்திரங்கள், 1904-இல் மலையைக் குடைந்து வந்த கொல்லம் மீட்டர்கேஜ் பாதை, அது 2018-இல் அகலப்பாதையாக மறுபடி முழுமை பெற்றது என ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வரும். குறை, வருகிறவர்கள் யார் என்பதில் இருக்கிறது. பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆண்களே கூடும் இடங்களில், 1911-இல் மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட இவ்வூர் வாஞ்சிநாதன் பத்து முறை நினைவுகூரப்படுவார். குண்டாறு பாசனத்து வயலில் நாற்று நட்ட பெண்ணின் நினைவு ஒரு முறைகூட வராது. மேலும், அங்கே எடுக்கும் முடிவு யாரையும் கட்டுப்படுத்துவதில்லை.

ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் மூன்றாவது வழி தெரிகிறது. கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானதை உள்ளாட்சிகளின் கையில் கொடுத்தது. அப்போது ஒவ்வொரு பஞ்சாயத்தும் கிராம சபையில் மக்கள் சொன்னதைத் தொகுத்து வளர்ச்சி அறிக்கை எழுதி, அதை ஒரு கருத்தரங்கில் வைத்து விவாதித்த பின்பே திட்டங்களைத் தீட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அந்த அறிக்கையில் ஊர் வரலாற்றுக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள் என்பதே நமக்குப் பாடம். எல்லா அறிக்கைகளும் ஒரே தரத்தில் அமையவில்லை. அவசரத்தில் எழுதப்பட்டவையும் இருந்தன. ஆனாலும் ஊர் எப்படி உருவானது என்பதை எழுதிவிட்டு அதன் தேவையை எழுதும் ஒழுங்கு, மற்ற இரண்டு வழிகளிலும் இல்லாதது.

மூன்றையும் அந்த வளைவை வைத்தே உரைத்துப் பார்க்கலாம். கொல்லம் நெடுஞ்சாலையை நாளை அகலப்படுத்த வேண்டிவந்தால், பகுதி சபையில் அது இடிப்பதா வேண்டாமா என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கும். நூலகத்தில் பெருமையாக மட்டும் பேசப்படும். வளைவு யாரால், எதற்காக எழுந்தது, அதன் வழியே எத்தனை வண்டிகள் போகின்றன, மாற்றுப்பாதைக்கு நிலம் எங்கே உண்டு என்பவற்றை ஒரே தாளில் வைப்பது கேரளத்து முறைதான்.

நமக்கு அந்த நிதியதிகாரம் இல்லாததால் முழுமையாக அதைப் பின்பற்ற முடியாது. எனவே நூலகக் கூட்டத்தை முதலில் நடத்தி, பெண்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் பெயர் சொல்லி அழைத்து, பேசியதைத் தாளில் ஏற்றி, அடுத்துக் கூடும் பகுதி சபையில் மனுவாகக் கொடுப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன். மனுவாகக் கொடுத்தால்தான் அது நகராட்சியின் கோப்பில் ஏறும்.