நான்கு வருடம், ஆறு மலை: மண்பாதையில் தாக்குப்பிடித்த சாமான்களும் உதிர்ந்துபோனவையும்

சேலத்தில் யாரிடமாவது "பைக்பேக்கிங் போகிறேன்" என்று சொன்னால் "என்ன வண்டி, புல்லட்டா?" என்று கேட்பார்கள். சைக்கிள் என்றதும் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். அதனால் இப்போதெல்லாம் "மூட்டை கட்டிக்கொண்டு சைக்கிளில் மலைக்குப் போகிறேன்" என்றே சொல்லிவிடுகிறேன். அதில் குழப்பம் இல்லை.

2021 டிசம்பரில் ஆரம்பித்தது. சனி, ஞாயிறு கிடைத்தால் சேர்வராயன், கல்வராயன், சித்தேரி, கொல்லிமலை, பச்சைமலை, ஜவ்வாது என்று சுற்றியிருக்கும் மலைகளில் ஏதாவது ஒன்று. ஒரே ஒருமுறை, பத்து நாள் விடுப்பு எடுத்து இமாசலத்தின் ஸ்பிதி. சைக்கிள் பழையதாக வாங்கிய, 29 அங்குலச் சக்கரம் உள்ள அலுமினிய எம்.டி.பி. (மலைப்பாதை சைக்கிள்), முன்பக்கம் மட்டும் 100 மில்லிமீட்டர் சஸ்பென்ஷன். இதுவரை ஏறத்தாழ ஆறாயிரம் கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் மண்ணும் சரளையும்தான்.

ஆரம்பத்தில் எனக்கு எடைப் பைத்தியம் இருந்தது. சமையலறைத் தராசில் பல் துலக்கும் பிரஷ் வரை நிறுத்துப் பார்த்தேன். படித்ததெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் எழுதியது. கனடாவின் பான்ஃபிலிருந்து மெக்சிகோ எல்லை வரை நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் கிரேட் டிவைட் பாதையில் போட்டி போடுகிறவனுக்கு 200 கிராம் பெரிய விஷயமாக இருக்கலாம். பத்து கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடை இருக்கும் ஊரில் எனக்கு அது விஷயமே இல்லை. சாமான்களை எடை கெடுக்கவில்லை, ஆட்டம்தான் கெடுத்தது. இது புரிய ஒரு போல்ட் முறிய வேண்டியிருந்தது.

முதல் பெரிய பயணம் கல்வராயன் மலை. பின்பக்கம் கேரியர், இரண்டு பக்கமும் தொங்கும் பைகள். தார்ச்சாலையில் அருமையாகத்தான் இருந்தது. கருமந்துறை தாண்டி வெள்ளிமலைப் பக்கம் ஒரு மரவள்ளிக் காட்டுப் பாதையில் இறங்கும்போது பின்னால் 'டக்' என்றது. கேரியரின் கால் சக்கரத்துக்குள் போகாமல் தப்பியது என் அதிர்ஷ்டம். அச்சுக்கு மேலே இருக்கும் 5 மில்லிமீட்டர் போல்ட் மொட்டையாக முறிந்து, பாதி ஃபிரேமுக்குள்ளேயே நின்றுவிட்டது. காட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஒருவர் கட்டுக்கம்பி கொடுத்தார். அதை எட்டுச் சுற்று சுற்றி, அப்படியே வீடு வந்தேன். உள்ளே சிக்கிய துண்டை எடுக்க லேத் பட்டறைக்கு இரண்டு நாள் அலைந்தது தனிக்கதை.

பட்டறைக்காரர் சொன்னதுதான் விளக்கம். போல்ட் எடையால் முறிவதில்லை. முதலில் தளரும். தளர்ந்த பிறகு ஒவ்வொரு குழியிலும் கேரியர் அதைக் கத்தரி மாதிரி வெட்டும். இறுக்கமாக இருக்கும்வரை பாரத்தைத் தாங்குவது இரண்டு பரப்புகளுக்கு நடுவே இருக்கும் உராய்வு; தளர்ந்துவிட்டால் போல்டின் தண்டு மட்டும்தான். அன்றிலிருந்து எல்லா போல்டிலும் மரையைப் பிடித்துக்கொள்ளும் நீலப் பசை ஒரு சொட்டு. தினமும் காலையில் கிளம்புமுன் ஆலன் கீயால் எல்லாவற்றையும் ஒரு சுற்று இறுக்கல். நல்ல கேரியராக வாங்கினால் மண்பாதையிலும் ஓட்டலாம்தான், நிறையப் பேர் ஓட்டுகிறார்கள். எனக்கு மனம் விட்டுப்போனது. கழற்றிவிட்டேன்.

கேரியர் போனால் பைகளை ஃபிரேமிலேயே வார் போட்டுக் கட்ட வேண்டும். முக்கோணத்துக்குள் ஒன்று, சீட்டுக்குப் பின்னால் ஒன்று, ஹேண்டில்பாரில் ஒரு சுருள் பை. சீட் பையை இணையத்தில் வாங்கினேன், 14 லிட்டர். மிகப் பெரிய தவறு. அதை முழுக்க நிரப்பினால் நாய் வால் மாதிரி இடமும் வலமும் ஆடுகிறது. நின்று மிதித்தால் சைக்கிள் ஒரு பக்கம், பை ஒரு பக்கம். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இந்த வாலோடு ஏறினேன். இறங்கும்போது பை மெல்லத் தொய்ந்து டயரில் உரசியதை உரசல் வாடை வந்த பிறகுதான் கவனித்தேன். அடியில் கட்டைவிரல் நுழையும் அளவு ஓட்டை. உள்ளே இருந்த ஸ்வெட்டரின் கையிலும் அதே அளவு.

பிறகு எட்டு லிட்டர் பைக்கு மாறினேன். பைக்குள் சீட் தண்டை ஒட்டிக் கனமான துணிமணி, வால் நுனியில் லேசானது. பைக்கும் தண்டுக்கும் நடுவே பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி ஒரு சுற்று. ட்யூப் ரப்பர் வழுக்காது, அதனால் பை திரும்பாது. டி.வி.எஸ். 50-யில் காய்கறி மூட்டை கட்டுகிறவர்கள் இதைப் பல வருடமாகச் செய்கிறார்கள். நான்தான் வெளிநாட்டு வாருக்கு இரண்டாயிரம் ரூபாய் கொடுத்த பிறகு கண்டுபிடித்தேன். (அந்த பாலியூரித்தேன் வாரும் நல்ல பொருள்தான். வெயிலில் ரப்பர் மாதிரி வெடிப்பதில்லை. ஆனால் டீக்கடை வாசலில் ஒன்று காணாமல் போனபோது வயிறு எரிந்தது. ட்யூப் துண்டு போனால் எரியாது.)

இத்தனையிலும் எனக்கு முழு திருப்தி தந்தது முக்கோணப் பைதான். அது எந்த பிராண்டும் இல்லை. கல்யாணப் பத்திரிகை அட்டைகளை ஒட்டி ஃபிரேமின் உள்ளளவை வெட்டி எடுத்துக்கொண்டு, பழைய பேருந்து நிலையம் பக்கம் பள்ளிக்கூடப் பை தைக்கும் ஒரு அண்ணனிடம் போனேன். அட்டையை இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல புஸ்தகம் எப்படி நிக்கும்?" என்றார். சைக்கிளைக் காட்டியதும் அவருக்கே ஆர்வம் வந்துவிட்டது. லக்கேஜ் துணி, உள்பக்கம் லாரி தார்ப்பாய், இரட்டைத் தையல். 850 ரூபாய்.

முதல் வருடம் ஜிப்தான் கெட்டது. ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர் சுற்று வட்டாரத்துச் செம்மண் பொடி ஜிப்பின் பல்லில் புகுந்தால் எந்தக் கொம்பனாலும் இழுக்க முடியாது. மெழுகுவர்த்தி தேய்த்துப் பார்த்தேன். மெழுகில் மண் இன்னும் நன்றாக ஒட்டியது. கடைசியில் ஜிப்பையே பிரித்துவிட்டு, மேல்வாயைச் சுருட்டி பக்கிள் போடும் மாதிரி அவரிடமே மாற்றினேன். திறக்க நேரமாகிறது. ஆனால் அன்றிலிருந்து அந்தப் பை ஒருமுறைகூடக் கைவிடவில்லை.

ஒரு எச்சரிக்கை. வாருக்கும் ஃபிரேமுக்கும் நடுவே மண் புகுந்தால் அது உப்புத்தாள்தான். ஒரே மழைக்காலத்தில் மேல் குழாயில் பெயின்ட் போய் வெறும் அலுமினியம் தெரிந்தது. வார் படும் இடத்தில் எல்லாம் முதல் நாளே கெட்டியான ஒட்டுத்தாள் ஒட்டிவிடுங்கள். நான் ஒட்டியது பெயின்ட் போன பிறகு.

ஹேண்டில்பார் சுருளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நீளத்தைக் குறைவாக வையுங்கள், பிரேக் கேபிளை நசுக்காமல் கட்டுங்கள். சஸ்பென்ஷன் அமுங்கும்போது சுருள் டயரைத் தொடுகிறதா என்று வீட்டு வாசலிலேயே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அவ்வளவுதான்.

டயருக்கு வருகிறேன். பணம் செலவழிக்க வேண்டிய இடம் இது. மலைக்குப் போகும் வழி எல்லாம் சமவெளி. சமவெளி எல்லாம் சீமைக்கருவேல முள். ஒரு நாள் வாழப்பாடிக்கும் வீட்டுக்கும் நடுவே நான்கு பஞ்சர் ஒட்டிய பிறகு ட்யூப்லெஸ்ஸுக்கு மாறினேன். 2.25 அங்குல டயர், உள்ளே திரவ அடைப்பான். முள் குத்தினால் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் வெள்ளைப் பால், பிறகு ஒன்றும் இல்லை. குறை ஒன்றுதான்: சேலத்து வெயிலில் அந்தத் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடும். ஏப்ரல், மே மாதங்களில் ஆறு வாரத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து ஊற்றுகிறேன். பெரிய கிழிசலுக்கு ரப்பர் புழு சொருகும் ஊசி ஒன்றும், எதற்கும் ஒரு ட்யூபும் எப்போதும் பையில் உண்டு.

கூடவே என் சக்கரத்தில் இருக்கும் பிரெஸ்டா என்ற ஒல்லி வால்வுக்கான பித்தளை மூக்கு. பத்து கிராம் இருக்காது. அது இருந்தால் எந்தப் பஞ்சர் கடை கம்ப்ரசரிலும் காற்று அடிக்கலாம். ஆனால் கடைக்காரர் மனதை மாற்றுவது கஷ்டம். மண்பாதையில் நான் முன்னால் 22, பின்னால் 26 பி.எஸ்.ஐ. வைக்கிறேன். அரூரில் ஒருவர் டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "காத்தே இல்லையே தம்பி, எப்படி இவ்வளவு தூரம் வந்த?" என்று உரிமையோடு ஐம்பதுக்கு ஏற்றிவிட்டார். நன்றி சொல்லிவிட்டு, தெரு திரும்பியதும் இறக்கினேன். கல்லில் டயர் அமுங்கிக் கொடுத்தால்தான் கையும் முதுகும் பையும் பிழைக்கும். நான் வைத்திருக்கும் சாமான்களிலேயே மலிவான சஸ்பென்ஷன் குறைந்த காற்றுதான்.

கியரில் ஒரே மாற்றம்: முன்பக்கப் பல்சக்கரத்தை 32 பல்லிலிருந்து 28 ஆக்கினேன், பின்னால் பெரியதில் 42 பல். முன்பு ஒரு சுற்று மிதித்தால் ஒன்றே முக்கால் மீட்டர் போன சைக்கிள் இப்போது ஒன்றரை மீட்டர் போகிறது. காகிதத்தில் அற்பம். குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறும்போது முழங்காலுக்குத் தெரியும். பிரேக் கட்டையும் உலோகக் கலவைக்கு மாறியாயிற்று. பிசின் கட்டை நீண்ட இறக்கத்தில், அதுவும் மழைச் சேற்றில், கண் முன்னால் தேய்கிறது.

கூடாரம் இரண்டு கிலோ. நான்கு வருடத்தில் அதில் படுத்தது பதினோரு இரவு, அதில் ஏழு ஸ்பிதியில். நம் மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடு. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே தங்கக்கூடாது. கரடியும் காட்டெருமையும் இருக்கும் இடத்தில் தங்க எனக்கும் ஆசை இல்லை. ஊருக்குள் கேட்டால் கோயில் மண்டபமோ பள்ளிக்கூடத் திண்ணையோ கிடைத்துவிடுகிறது. சித்தேரிப் பக்கம் ஒரு ஆயா, "வெளியில எதுக்குக் கண்ணு படுக்கற, பனி கொட்டும்" என்று மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையைத் திறந்துவிட்டார். அதனால் இங்கே எனக்குத் தேவை கொசுவலையும் தரைவிரிப்பும்தான். காற்றடைக்கும் மெத்தையை இரண்டாவது இரவே முள் பதம் பார்த்தது. இப்போது மடிக்கும் நுரைப்பாய். பார்க்க அசிங்கம், பையில் அடங்காது, பஞ்சரும் ஆகாது. கூடவே ஒரு வேட்டி: போர்வை, திரை, துண்டு, தேவைப்பட்டால் கோயிலுக்கு உடை.

அடுப்பும் அப்படித்தான். வாங்கினேன், சுமந்தேன், ஒருமுறை கூழாங்கல் மேல் வைத்துக் காப்பி போட்டுப் படம் எடுத்தேன். விற்றுவிட்டேன்.

ஸ்பிதி மட்டும் கணக்கு வேறு. சிம்லா பக்கமிருந்து கின்னௌர், ஸ்பிதியில் உள்ள காஸா ஊர் வழியாக ஏறி, 4,500 மீட்டருக்கு மேலே இருக்கும் குன்சும் கணவாயைத் தாண்டி பாத்தல், சத்ரு, கிராம்பூ என்று இறங்கினேன். பாத்தலுக்கும் கிராம்பூவுக்கும் நடுவே சுமார் 50 கிலோமீட்டர். சாலை என்று வரைபடத்தில் இருக்கிறது. தரையில் இருப்பது ஆற்றங்கரைக் கல். பனி உருகும் ஓடைகள் பாதையின் குறுக்கே ஓடுகின்றன. மதியம் ஆக ஆக வெயிலில் தண்ணீர் கூடுவதால் காலையிலேயே கடந்துவிட வேண்டும். முழங்கால் ஆழத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, திறந்து மூட நேரமாகும் என்று நான் திட்டிய, வாயைச் சுருட்டி மூடும் அதே முக்கோணப் பையில் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. பள்ளிக்கூடப் பை தைப்பவர் தைத்தது.

அங்கேதான் வாத்து இறகு ஸ்லீப்பிங் பேக் காசுக்கு வேலை செய்தது. ஈரம் பட்டால் இறகு சப்பிவிடும், சூடு தராது. அதனால் அதற்குள் போவதற்கு முன் ஈர சாக்ஸைக் கழற்றுவது சட்டம். தண்ணீர் வடிகட்டியையும் பவர் பேங்கையும் உள்ளே வைத்துக்கொண்டு தூங்கினேன். நுண்குழாய் வடிகட்டிக்குள் தண்ணீர் உறைந்தால் குழாய்கள் விரிந்து வெடித்துவிடும்; வெளியே பார்த்தால் தெரியாது, வயிறுதான் சொல்லும். குளிரில் பவர் பேங்க் பாதி சார்ஜிலேயே மூச்சை விடும்.

அதே ஐம்பது கிலோமீட்டரில்தான் என் போன் கேமராவும் போனது. ஹேண்டில்பாரில் மாட்டியிருந்தேன். லென்ஸை நடுங்காமல் பிடித்துக்கொள்ளும் நுண் இயந்திரம் உள்ளே இருக்கிறது. நாள் முழுக்க அதிர்ந்ததில் அதுவே நடுங்க ஆரம்பித்துவிட்டது. பழுது பார்த்த கடையில் 'கீழே போட்டிருப்பீர்கள்' என்று மூன்று முறை சொன்னார்கள். இப்போது போன் சட்டைப்பையில். வழி காட்ட ஒரு சிறிய ஜி.பி.எஸ். பெட்டி. அதுவும் கல்வராயனில் பாதி வழிதான் காட்டும், மீதி ஊர்க்காரர்களிடம் கேட்பதுதான். "கூப்பிடு தூரம்" என்று சொன்னால் மட்டும் நம்பாதீர்கள். எனக்கு அது ஒருமுறை ஏழு கிலோமீட்டர் வந்தது, அதில் மூன்று ஏற்றம்.

இன்னும் சரிப்படாதது முன் ஃபோர்க்கில் மாட்டியிருக்கும் தண்ணீர் பாட்டில் கூண்டுதான். நீலப் பசை, ட்யூப் ரப்பர், கட்டுக்கம்பி எல்லாம் போட்டும் இரண்டு நாளுக்கு ஒருமுறை தளர்ந்து 'கடகட' என்கிறது. உலோகத்துக்குப் பதிலாகத் துணிப்பையே தைத்துவிடலாம் என்று போன வாரம் அட்டையை வெட்டிக்கொண்டு போனேன். அண்ணன் இந்தமுறை கேள்வியே கேட்கவில்லை. "ஜோடியா? தீபாவளி கூட்டம் முடியட்டும், தைச்சுத் தரேன்" என்று அட்டையை வாங்கி, மெஷினுக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார்.