செகண்ட்ஹேண்ட் லென்ஸ்பேபி வாங்கப்போறீங்களா, இதைப் படிச்சிட்டு பணம் அனுப்புங்க

வீடியோ எடுக்கறதுக்காக லென்ஸ்பேபி கம்போசர் ப்ரோங்கிற வளையற கேமரா லென்ஸ் ஒண்ணு, அதுக்குள்ள போடற ஸ்வீட் 50 ஆப்டிக்கோட (கண்ணாடிப் பகுதி), செகண்ட்ஹேண்ட்ல வாங்கி ஏமாந்துட்டேன். வித்தவர் "ஸ்டில்ஸ் வீடியோ ரெண்டுக்கும் பக்கா, பால் ஜாயின்ட் செம டைட்"னு சொன்னார், அதுல எடுத்த நாலஞ்சு போட்டோவும் அனுப்பினார், எல்லாமே அழகா இருந்துச்சு, நம்பி பணத்தைப் போட்டுட்டேன்.

தெரியாதவங்களுக்காக சொல்றேன், இந்த லென்ஸ் ஒரு பந்து மேல உட்கார்ந்திருக்கும், எந்தப் பக்கம் வளைக்கிறோமோ ஃப்ரேம்ல அந்தப் பக்கம்தான் ஷார்ப், சுத்தி எல்லாம் கரைஞ்சு போயிடும். வளைச்ச இடத்துலயே நிறுத்தி வைக்கிறது டென்ஷன் ரிங். அந்த ரிங் இறுக்கிப் பிடிக்கலன்னா வீடியோவுக்கு இந்த லென்ஸ் உதவவே உதவாது.

முதல் ஷூட், ஒருத்தங்க வயலின் வாசிக்கிறாங்க. அப்பர்ச்சரை (லென்ஸ்ல வெளிச்சம் நுழையற துவாரம்) எஃப் 2.8ன்னு அகலமா திறந்து, லென்ஸை மேல் பக்கமா வளைச்சு கண்ணுல ஃபோகஸ் வச்சு, ரிங்கை முழுசா இறுக்கி ட்ரைபாட்ல விட்டுட்டேன். கேமரா ஸ்க்ரீன்ல ஒண்ணும் தெரியல. வீட்டுக்கு வந்து மானிட்டர்ல போட்டா, கண்ணு மெதுவா மங்குது, கன்னம் தெளிவாகுது, அப்புறம் தாடை, 20 செகண்ட்ல ஷார்ப்னஸ் வயலின் கட்டை மேல போய் நிக்குது! கேமரா அசையல, அவங்களும் அசையல, லென்ஸ்தான் தன்னோட வெயிட்டுக்கே சரிஞ்சிருக்கு. ஸ்டில்ஸ்ல இது ஜென்மத்துக்கும் தெரியாது, 1/125 செகண்ட்ல ஒரு க்ளிக், முடிஞ்சுது. அதனாலதான் போட்டோவா அனுப்பியிருக்கார்.

கேட்டா "அது அப்படித்தான் இருக்கும், உங்களுக்கு யூஸ் பண்ணத் தெரியல"ங்கிறார். சரின்னு லென்ஸை ஒரு பக்கமா முழுசா வளைச்சு டார்ச் அடிச்சுப் பார்த்தேன், பந்து ஓரத்துல வெள்ளையா டேப் நுனி ஒண்ணு எட்டிப் பார்க்குது. லூஸா இருக்கறது தெரிஞ்சே டேப் சுத்தி வித்திருக்கார். அதை போட்டோ எடுத்து அனுப்பினதும் ப்ளாக் பண்ணிட்டார். எனக்கு வயிறு எரியுது, லென்ஸ் கம்பெனி மேல ஒரு குறையும் இல்ல, தெரிஞ்சே மறைச்சாரே அதுதான்.

வாங்கறவங்க போட்டோ கேக்காதீங்க, வீடியோ கேளுங்க. எழுத்து நிறைஞ்ச பேப்பரை சுவத்துல ஒட்டி, லென்ஸை எவ்வளவு வளையுமோ அவ்வளவு மேல வளைச்சு, ரிங்கை இறுக்கி, எங்கயும் கட் பண்ணாம ஒரு நிமிஷம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க. ஷார்ப்பா இருக்கற வரி கடைசி வரைக்கும் அதே வரியா இருக்கணும். அப்பர்ச்சரும் 2.8, 4 அந்த பக்கமே இருக்கட்டும், 8க்கு மேல போனா ப்ளரே குறைஞ்சிடும், சரியறது கண்ணுக்குப் படாது. பகல் வெளிச்சத்துல எடுத்தா இதுக்கு என்டி ஃபில்டர் (லென்ஸுக்குள்ள போற வெளிச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி) வேணும்.

அந்த வயலின் ஷாட்ல கடைசியா எனக்குத் தேறினது முதல் 6 செகண்ட்தான்.