உதடு மரத்தும் பல் வலித்தால்: கீழ்த்தாடைக்கு மூன்று ஊசிகள்

"டாக்டர், உதடு மரத்துப்போச்சு. ஆனா பல்லைத் தொட்டா சுரீர்ங்குது."

கீழ்க் கடைவாய்ப்பல்லில் வேலை செய்யும் எல்லாப் பல் மருத்துவரும் இதைக் கேட்டிருப்பார்கள். உதடு மரத்தால் ஊசி சரியான இடத்தில் விழுந்துவிட்டது என்றுதான் படித்திருக்கிறோம். அதனால், பயத்தில் சொல்கிறார் என்று நினைக்கத் தோன்றும். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். பெரும்பாலும் அவர் சொல்வது உண்மை. காரணம் அவருடைய தாடையின் அமைப்பில் இருக்கிறது.

மேல்தாடை எலும்பு மெல்லியது. பல்லின் வேர்நுனிப் பக்கம் மருந்தைப் போட்டால் ஊறி உள்ளே போய்விடும். கீழ்த்தாடையின் பின்பகுதியோ கெட்டி எலும்பு. அங்கே கீழ்ப்பற்களுக்கும் உதட்டுக்கும் உணர்வு தரும் நரம்பு எலும்புக்குள் நுழைவதற்கு முன்பே, தாடை காதை நோக்கி மேலேறும் பகுதியின் உட்புறத்தில் வைத்து அதைப் பிடிக்க வேண்டும். எந்த உயரத்தில் பிடிப்பது என்பதில்தான் மூன்று முறைகளும் வேறுபடுகின்றன.

முதலாவது, எல்லாரும் கல்லூரியில் கற்றுக்கொள்ளும் வழக்கமான முறை. 1880-களில் ஹால்ஸ்டெட் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் கோகெய்னை வைத்துத் தொடங்கியது. கட்டைவிரலால் தாடையின் முன்விளிம்புப் பள்ளத்தைத் தடவிப் பார்த்து, எதிர்ப்பக்க முன்கடைவாய்ப் பற்களின் மேலிருந்து சிரிஞ்சைச் சாய்த்து, பல்லின் கடிபரப்புக்கு 6 முதல் 10 மி.மீ. மேலே குத்துகிறோம். 20-25 மி.மீ. போனதும் ஊசிமுனை எலும்பில் 'டக்'கென்று தட்டும். ஒரு மி.மீ. பின்வாங்கி, இரத்தம் வருகிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு மருந்தை விடுகிறோம். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் உதடு மரத்துவிடும். இந்த வேகம்தான் இதன் பெரிய பலம்.

பலவீனம் என்னவென்றால், நாம் குறிவைப்பது நரம்பு எலும்புக்குள் நுழையும், கண்ணுக்குத் தெரியாத ஒரு துளையை. அது ஆளுக்கு ஆள் இடம் மாறும். சிறு குழந்தைகளுக்குக் கடிபரப்பின் மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கும். வளர வளர மேலேறும். பற்களே இல்லாத முதியவரிடம் அளக்கக் கடிபரப்பே கிடையாது. தாடை வெளிப்பக்கம் விரிந்திருந்தால் வழக்கமான கோணத்தில் ஊசி எலும்பைத் தொடவே தொடாது. துளையின் வாசலில் லிங்குலா என்ற சின்ன எலும்பு நாக்கு வேறு இருக்கிறது. சிலருக்கு முக்கோணமாக, சிலருக்கு மொட்டையாக, சிலருக்குக் குமிழ் போல, இன்னும் சிலருக்கு எலும்போடு ஒட்டி இருப்பதே தெரியாமல். ஊசி இதற்குக் கீழே போய்விட்டால் மருந்து நரம்பைச் சேராது. (தாடையைப் பிளந்து நகர்த்தும் அறுவையிலும் உட்பக்க வெட்டு இந்த லிங்குலாவுக்குச் சற்று மேலேதான் போக வேண்டும். அது தட்டுப்படாத தாடையில் அந்த அறுவை நிபுணருக்கும் இதே தவிப்புதான்.)

சரி, துளையைச் சரியாகப் பிடித்துவிட்டோம், உதடும் மரத்துவிட்டது. அப்புறமும் ஏன் வலிக்கிறது? துளைக்கு ஏறத்தாழ ஒன்றரை செ.மீ. மேலேயே மைலோஹயாய்டு என்ற கிளை நரம்பு பிரிந்துவிடுகிறது. சிலருக்கு அது தாடையின் நாக்குப்பக்கத்துச் சிறு துளைகள் வழியாக நுழைந்து கடைவாய்ப்பல்லுக்கு உணர்வு கொடுக்கிறது. நம் மருந்து அதற்குக் கீழே தங்கிவிடுகிறது. இன்னும் சிலருக்கு நரம்புக் கால்வாயே இரண்டாகப் பிரிந்திருக்கும். பழைய ஓபிஜி (முழுத்தாடை எக்ஸ்ரே) ஆய்வுகளில் இது நூற்றில் ஒருவருக்கும் குறைவு என்றார்கள். சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் வந்தபின் அதைவிடப் பல மடங்கு தெரிகிறது. ஞானப்பல்லுக்குப் பின்னால் திறக்கும் கிளைக் கால்வாய் இருந்தால், அந்தப் பல்லை எடுக்கும்போது எதிர்பாராத இடத்தில் இரத்தம் கசியும்.

இந்தத் தாடைகளுக்குத்தான் கோ-கேட்ஸ் முறை. ஆஸ்திரேலியப் பல் மருத்துவர் ஒருவர் 1973-இல் வெளியிட்டது. இதில் துளையைத் தேடுவதில்லை. தாடை மூட்டுக் குமிழின் கழுத்தைக் குறிவைக்கிறோம். நோயாளி வாயை அகலத் திறக்கும்போது குமிழ் முன்னால் நகர்ந்து வந்து நிற்கும். உதட்டின் ஓரத்திலிருந்து காது மடலின் கீழ்ப்பள்ளம் வரை ஒரு கோடு மனதில் போட்டு, அதற்கு இணையாக, மேல் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்குச் சற்றுப் பின்னால் குத்துகிறோம். நரம்பு கிளை பிரியும் முன்பே மருந்து சேர்வதால் மைலோஹயாய்டும் சேர்ந்தே மரக்கிறது. நாலில் மூன்று பேருக்குக் கன்னப்பக்க நரம்பும் மரத்துவிடும். இரத்தக்குழாயில் ஊசி படுவதும் குறைவு: வழக்கமான முறையில் 10-15 சதவீதம், இதில் 2 சதவீதம் அளவுதான். ஆனால் பொறுமை வேண்டும். கடைவாய்ப்பல் மரக்க ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகலாம். ஊசி போட்டபின்னும் ஓரிரு நிமிடம் வாயைத் திறந்தே வைக்கச் சொல்ல வேண்டும்.

வாயே திறக்கவில்லை என்றால்? ஞானப்பல்லைச் சுற்றிச் சீழ் பிடித்து, இரண்டு பற்களுக்கு நடுவே ஒரு விரல்கூட நுழையாமல் வருகிறவருக்கு மேலே சொன்ன இரண்டுமே நடக்காது. அங்கே வசிரானி-அகினோசி முறைதான் கைகொடுக்கும். நோயாளி பற்களைக் கடித்தபடியே இருக்க, மேல்பல் ஈறு மட்டத்தில் ஊசியைக் கடிபரப்புக்கு இணையாக 25 மி.மீ. செலுத்துகிறோம். தாடைத் தசைகளின் நரம்பும் மரப்பதால், தசைப்பிடிப்பில் இறுகிய வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். குறை, எலும்பில் தட்டும் அந்த உறுதி இதில் கிடையாது. ஆழத்தைக் கணித்துத்தான் போக வேண்டும், விரிந்த தாடையில் மருந்து விலகிப்போய்விடும்.

என் தேர்வு இது: முதல் தடவைக்கு வழக்கமான முறை போதும். ஆனால் உதடு மரத்தும் பல் வலித்தால், அதே இடத்தில் இரண்டாவது ஊசி வேண்டாம். மரத்த நரம்பை மறுபடி மரக்கவைத்து என்ன பயன்? நேராக கோ-கேட்ஸுக்குப் போய்விடலாம். இல்லையென்றால் பல்லின் நாக்குப்பக்கத்தில் மைலோஹயாய்டுக்கு ஒரு சின்ன ஊசி, அல்லது கன்னப்பக்கம் ஆர்ட்டிகெய்ன் என்ற மரப்பு மருந்து. நான் பல காலம் அதே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டவன். அன்று என் நாற்காலியில் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துத் தாங்கியவர்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

இப்போதெல்லாம் யாராவது 'சுரீர்' என்றால் கருவியைக் கீழே வைத்துவிடுகிறேன். ஓபிஜியை மறுபடி வெளிச்சத்தில் பிடித்து, கால்வாய்க் கோடு இரண்டாகத் தெரிகிறதா என்று பார்க்கிறேன். எந்த ஊசிக்கு அந்தத் தாடை கட்டுப்பட்டதோ, அதைச் சிகிச்சைக் குறிப்பில் சிவப்பு மையில் எழுதி, நோயாளியிடமும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன். அடுத்த முறை அவர் வேறு யாரிடமாவது போகலாம்.