ஆன்டெனாவைக் கழற்றிப் பார்க்காமல் ரிக்கைச் சர்வீசுக்குக் கொடுக்காதீர்கள்

6,500 ரூபாய் போனது, இரண்டு மாதமும் போனது. ஹாம் (அமெச்சூர் ரேடியோ) நண்பர்கள், குறிப்பாகப் புதிதாக லைசென்ஸ் வாங்கியவர்கள், ரிக்கை (ரேடியோ செட்டை) வெளியே கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது எச்.எஃப், வி.எச்.எஃப் என்ற இரண்டு அலைவரிசைப் பகுதிகளும் ஒரே பெட்டியில் உள்ள பழைய செட். 2 மீட்டர் பேண்டில் (வி.எச்.எஃப், 144 மெகாஹெர்ட்ஸ்) எஃப்.எம் கணீரென்று கேட்கும். 40 மீட்டர் பேண்டுக்கு (எச்.எஃப், 7 மெகாஹெர்ட்ஸ்) போனால் சிக்னல் பலத்தைக் காட்டும் எஸ் மீட்டர் 9-ல் ஏறி நிற்கும். அந்த இரைச்சலில் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. ஒரு பேண்ட் நன்றாக இருக்கிறதே, அப்படியானால் செட்டில்தான் கோளாறு என்று நினைத்துவிட்டேன்.

சென்னையில் உள்ள ஒரு சர்வீஸ்காரர், "ஃப்ரன்ட் எண்ட் (ஆன்டெனா சிக்னலை முதலில் வாங்கும் பகுதி) போயிடுச்சு சார், டிரான்சிஸ்டர் மாத்தணும்" என்று போனிலேயே சொன்னார். ஆன்டெனாவைக் கழற்றினால் இரைச்சல் நிற்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

செட் திரும்பி வந்தது. அதே 9. மூடியைத் திறந்தேன். மாற்றியதாகப் பில்லில் இருந்த இடத்தில் பழைய தூசி படலமாக அப்படியே படிந்திருந்தது. புது ஈயத்தின் பளபளப்போ பற்றவைக்கும்போது பூசும் ஃபிளக்ஸின் கறையோ எங்கும் இல்லை. வயிறு எரிந்தது.

சரி என்று நானே உட்கார்ந்தேன். ஆன்டெனாவைக் கழற்றியதும் முள் கீழே விழுந்தது. இரைச்சல் வெளியிலிருந்து வருகிறது. அப்புறம் ஆன்டெனாவை மாட்டி, செட்டை 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிக்கொண்டு வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தேன். 9 இருந்தது 3 ஆனது. ஒரு எஸ் படிக்கு 6 டெசிபல் என்ற கணக்கில் 36 டெசிபல், அதாவது இரைச்சலின் சக்தியில் ஏறக்குறைய 4,000 மடங்கு வித்தியாசம்! ஒவ்வொரு பிளக்காகப் போட்டுப் பார்த்ததில் வைஃபை ரௌட்டரின் அடாப்டர் மாட்டியது. சின்ன மீடியம் வேவ் ரேடியோவை அதன் பக்கத்தில் கொண்டுபோனாலே சீறுகிறது.

இந்த மாதிரி ஸ்விட்சிங் அடாப்டர்களின் குப்பை 7 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான் அடர்த்தி. 144-க்குப் போவதற்குள் பெரும்பாலும் மெலிந்துவிடும். மிச்சம் இருப்பதையும் எஃப்.எம் அவ்வளவாகக் காட்டாது. ஆகவே ஒரு பேண்டில் மட்டும் இரைச்சல் என்பதை வைத்துச் செட்டைக் குறை சொல்ல முடியாது. இது சர்வீஸ் தொழில் செய்பவருக்குத் தெரியாமல் இருக்குமா?

கழற்றிய பழைய டிரான்சிஸ்டரைக் கேட்டேன். "தூக்கிப் போட்டாச்சு" என்றார். பணமும் திரும்ப வராதாம்.

கொடுக்கும் முன் மூடியைத் திறந்து போர்டைப் போட்டோ எடுத்துவையுங்கள். பழைய பாகம் கட்டாயம் வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பெயரைப் பொதுவில் போடவில்லை. சென்னைக்குச் செட் அனுப்பப் போகிறவர்கள் தனியாகக் கேளுங்கள், சொல்கிறேன்.