டால்பினுக்கு மீன் ஊட்ட எங்கே போவது? சென்டோசா, கோல்டு கோஸ்ட், டங்கலூமா: ஓர் ஒப்பீடு

"அப்பத்தா, டால்பினுக்கு நான் என் கையாலே மீன் ஊட்டணும்." சிங்கப்பூரில் இருக்கும் ஆறு வயதுப் பேரன் இதைப் போன தைப்பொங்கலுக்குக் காரைக்குடி வந்தபோது சொன்னான். ஊருக்குத் திரும்பும்வரை தினமும் சொன்னான். சரி, ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் பார்க்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம்தான் விசாரிக்கவே ஆரம்பித்தேன்.

நம் நாட்டில் இதற்கு இடமே கிடையாது. டால்பின்களைத் தொட்டியில் அடைத்து வைத்துக் காட்டும் காட்சிக்கூடங்களை 2013இல் மத்திய அரசு தடை செய்துவிட்டது. ஆக, வெளிநாடுதான். நம் பக்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளில் ஒருவராவது கடல் தாண்டி இருப்பார்கள் என்பதால் அதில் பெரிய சிரமம் இல்லை. என் மகன் சிங்கப்பூர், மகள் ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன். மகன், "ஆத்தா, வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் சென்டோசா. எதற்கு அலைகிறீர்கள்?" என்றான். மகளோ, கோல்டு கோஸ்ட்டில் சீ வேர்ல்டு என்ற கேளிக்கைப் பூங்கா இருக்கிறது, மோர்ட்டன் தீவில் டங்கலூமா என்று ஒரு கடற்கரை விடுதியும் இருக்கிறது, கட்டாயம் இங்கேதான் வரவேண்டும் என்று நின்றாள். மூன்றையும் எடைபோட்டுக் கடைசியில் டங்கலூமா போய்விட்டு வந்தோம். இதே யோசனையில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன். என் மனது எந்தப் பக்கம் என்பதை மறைக்கப் போவதில்லை.

பயணச் செலவு, தூரம் என்று பார்த்தால் போட்டியே இல்லை. திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் சிங்கப்பூர். பிரிஸ்பேனுக்கு அங்கிருந்து இன்னும் ஏழரை, எட்டு மணி நேரம் பறக்க வேண்டும். கோல்டு கோஸ்ட்டும் டங்கலூமாவும் பிரிஸ்பேனிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரத்தில் இருப்பவை. ஆஸ்திரேலிய விசாவுக்கு 75 வயது தாண்டியவர்கள் மருத்துவப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அதற்கும் சேர்த்து நாள் ஒதுக்குங்கள்.

முதலில் சென்டோசா, சிங்கப்பூரை ஒட்டிய சுற்றுலாத் தீவு. மகன் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அங்கே அண்டர்வாட்டர் வேர்ல்டு என்று ஒரு கடல் உயிரினக் காட்சியகம் இருந்தது. 1991இல் திறந்து 2016இல் மூடினார்கள். அங்கே இளஞ்சிவப்பு டால்பின்களைப் பார்த்து வாய் பிளந்து நின்றது இன்னும் நினைவில் இருக்கிறது. இப்போது டால்பின்கள் இருப்பது அதே தீவில் ரிசார்ட்ஸ் வேர்ல்டு என்ற உல்லாச வளாகத்தின் டால்பின் ஐலண்டில். பயிற்சியாளர் பக்கத்திலேயே நிற்பார். டால்பின் உங்களைத் தேடி வரும், தொட விடுவார்கள், படம் எடுத்துக் கொடுப்பார்கள். வருமா வராதா என்ற கவலை கிடையாது. சாப்பாட்டுக்கும் பேச்சுத் துணைக்கும் பிரச்சினை இல்லாத ஊர். சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் பெரிய விஷயம்தான்.

பெண்களுக்கு மட்டும் ஒன்று. தொட்டி டால்பின் நிகழ்ச்சிகளில் பொதுவாகவே மோதிரம், வளையல், தோடு எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தண்ணீரில் விழுந்தால் டால்பின் விழுங்கிவிடும் என்ற பயம், நியாயமான பயம். வருடக்கணக்காகத் திருகு கழற்றாத வைரத்தோட்டை அங்கே போய்க் கழற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

சென்டோசாவில் என் மனதை நெருடியது வேறு. அங்கே கொண்டுவந்த டால்பின்கள் சாலமன் தீவுகளின் கடலில் பிடித்தவை. பிலிப்பைன்ஸில் வைத்துப் பழக்கி, 2012இல் விமானத்தில் சிங்கப்பூருக்கு ஏற்றினார்கள். வழியிலேயே ஒன்று இறந்துபோனது. இதை மகன்தான் பழைய செய்தியிலிருந்து எடுத்துக் காட்டினான். கொண்டுவந்த பிறகு அவற்றை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். ஆனாலும் பேரன் "இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

கோல்டு கோஸ்ட் சீ வேர்ல்டு 1971இலிருந்து இருக்கிறது. ராட்டினங்கள், பென்குவின் என்று குழந்தைகளுக்கு ஒரு நாள் போதாது. டால்பின்களுக்குச் சிமெண்டுத் தொட்டி மட்டும் இல்லை, மணல் தரை போட்ட பெரிய குளங்களும் இருக்கின்றன. பார்க்க விசாலமாக இருந்தது. நாங்கள் உள்ளே போய்ப் பார்த்தோம், ஆனால் டால்பினோடு தண்ணீரில் இறங்கும் தனிச்சீட்டு வாங்கவில்லை. அதனால் ஊட்டும் அனுபவம் எப்படி என்று வெளியே நின்று பார்த்ததை வைத்துத்தான் சொல்ல முடியும்: இறங்கிய குழந்தைகள் எல்லாம் சிரித்துக்கொண்டேதான் ஏறினார்கள். மூன்று இடங்களில் எதில் குழந்தைகளுக்கு அதிகக் கொண்டாட்டம் என்று கேட்டால், சந்தேகமில்லாமல் இதுதான்.

அப்புறம் ஏன் டங்கலூமா? எல்லாம் அந்த மீனால்தான். நாம் கொடுக்கும் மீன் டால்பினுக்கு என்னவாகப் போய்ச் சேர்கிறது என்று கேட்டுப் பார்த்ததும் மற்ற கணக்கெல்லாம் எனக்குப் பின்னால் போய்விட்டது.

டால்பின் தன் எடையில் நூற்றுக்கு நாலு முதல் ஆறு பங்கு வரை தினமும் தின்னும். இருநூறு கிலோ டால்பின் என்றால் எட்டு முதல் பன்னிரண்டு கிலோ மீன். தொட்டியில் இருப்பதற்கு அந்த மொத்த மீனும் மனிதர் கையிலிருந்துதான் வரவேண்டும். பனிக்கட்டியில் உறைய வைத்த மீனை இளக வைத்து, எடை போட்டு, உறைந்ததில் குறைந்துபோன சத்துக்கு ஈடாக வைட்டமின் மாத்திரையைச் செவுளுக்குள் செருகி, வாளி வாளியாகப் பிரித்து வைப்பார்கள். குதித்தால் ஒரு மீன், கை கொடுத்தால் ஒரு மீன். வேலை செய்யாத நாளிலும் நல்ல இடங்களில் அன்றைய அளவைக் குறைப்பதில்லை என்கிறார்கள், அதை நம்புகிறேன். இருந்தாலும் பேரன் நீட்டும் மீன் அங்கே அதன் சோறு, அதோடு அதன் கூலி.

டங்கலூமாவில் டால்பின்கள் கடலில் இருப்பவை. 1992இல் பியூட்டி என்று பெயர் வைத்த ஒரு பெண் டால்பின் முதன்முதலாகக் கையிலிருந்து மீன் வாங்கியது. அப்புறம் அதன் குடும்பமும் கூட்டமும் சாயங்காலமானால் படகுத்துறைப் பக்கம் வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்று பார்த்து, அதன் ஒரு நாள் தேவையில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு வரைதான் கொடுக்கிறார்கள். மீதியை அது கடலில் தானே வேட்டையாடித் தின்றாக வேண்டும். வாங்கிக்கொண்டு இருட்டில் போய்விடும். மறுநாள் வந்தால் வரும், வராவிட்டால் வராது.

மகள் இதை விளக்கிச் சொன்னபோது எனக்குச் சட்டென்று தோன்றியது, இது இடைப்பலகாரம் அல்லவா! சாப்பாட்டு வேளைகளுக்கு நடுவே வந்தவருக்குத் தட்டில் ரெண்டு வெள்ளைப் பணியாரம், கொஞ்சம் சட்னி வைப்போம். அதுவே வயிறு நிறைக்க வேண்டியதில்லை. அவர் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். டால்பினுக்கு மீன் கொடுப்பதானால் இப்படிக் கொடுக்கவே எனக்கு ஆசை.

அளவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் மங்கி மையா இருக்கிறது. பெர்த்திலிருந்து வடக்கே எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். 1960களிலிருந்து அங்கே காட்டு டால்பின்களுக்கு மீன் கொடுத்து வருகிறார்கள். ஆரம்பத்தில் கணக்கில்லாமல் கொடுத்ததில், தாய் டால்பின்கள் கரையோரமே காத்துக் கிடந்தன. அவற்றின் குட்டிகள் மற்றவற்றின் குட்டிகளைவிட அதிகமாக இறந்தன. டால்பின் குட்டி மூன்று நான்கு வருடம்கூடப் பால் குடிக்கும். தாய் கூடவே நீந்தித்தான் வேட்டை பழகும். தாய் கரையைக் கட்டிக்கொண்டு கிடந்தால் குட்டிக்கு யார் கற்றுக்கொடுப்பது? அப்புறம் விதிகளை இறுக்கினார்கள். இப்போது தேர்ந்தெடுத்த சில பெண் டால்பின்களுக்கு மட்டும், காலையில் மட்டும், கொஞ்ச மீன். நாலு பிள்ளை பெற்று வளர்த்தவள் நான். இதைக் கேட்டபோது வயிற்றைப் பிசைந்தது. கொடுப்பது நல்லதுதான், ஆனால் எவ்வளவு கொடுப்பது என்பதைக் கொடுப்பவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்த நாளைப் பற்றி. பிரிஸ்பேன் துறையிலிருந்து மோர்ட்டன் தீவுக்குப் படகு ஒன்றேகால் மணி நேரம். ஜூன் மாதம் அங்கே குளிர்காலம், ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடும். மீன் ஊட்டுவது இருட்டத் தொடங்கிய பிறகுதான். அதனால் ஜூனில் போனால் குழந்தைகள் தூங்கிவிழும் நேரத்துக்குள் வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் கரையில் 1952 முதல் 1962 வரை திமிங்கில வேட்டை நிலையம் இருந்ததாம். திமிங்கிலங்களை இழுத்துவந்து வெட்டிய அதே கரையில் இப்போது வரிசையில் நின்று டால்பினுக்கு மீன் கொடுக்கிறோம் என்று மகள் சொன்னாள். கொஞ்ச நேரம் நான் ஒன்றும் பேசவில்லை.

விதிகள் கறாராக இருக்கின்றன. கையைக் கிருமிநாசினித் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். சன்ஸ்கிரீன், கொசு விரட்டும் களிம்பு எதுவும் கையில் இருக்கக் கூடாது. மருமகள் பேரனுக்கு மத்தியானம் முழங்கை வரை சன்ஸ்கிரீன் பூசியிருந்தாள். குழாயடியில் வைத்துத் தேய் தேய் என்று தேய்த்துக் கழுவினோம். சளி, காய்ச்சல் இருந்தால் தண்ணீரில் இறங்க அனுமதி இல்லை. என் கணவருக்கு விமானத்திலேயே சளி பிடித்துவிட்டது. பணம் கட்டியும் இறங்க முடியாமல் துறை மேடையில் நின்று பார்த்தார். எனக்கு அது மனக்கஷ்டம்தான். ஆனால் நம் சளி அதற்கும் தொற்றலாம் என்று விளக்கியபோது அவரே, "சரி, அதுவும் ஒரு உயிர்தானே" என்று ஒதுங்கிக்கொண்டார். போவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முழங்கால் வலி. மணல் சரிந்து இறங்கும் என்று பயந்தேன். ஊழியப் பெண் ஒருத்தி முழங்கையைப் பிடித்து மெதுவாக அழைத்துப் போனாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தொடையளவு தண்ணீரில் நின்றேன். நல்ல குளிர். மீனை வாலைப் பிடித்து, தலை டால்பின் பக்கம் இருக்கும்படி தண்ணீருக்குள் இறக்க வேண்டும். முழுசாக விழுங்குவதால் தலை முதலில் போனால்தான் செதிலும் முள்ளும் தொண்டையில் மாட்டாது. பேரன் இரண்டு கையாலும் மீனைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றான். அது அடியிலிருந்து வந்து, மெதுவாக, பல் படாமல் உருவிக்கொண்டு போனது. தொடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அவன் தொடவில்லை. ஏறி வந்தவுடன் கேட்டான், "அப்பத்தா, அது இப்போ வீட்டுக்குப் போகுதா?" ஆமாம் என்று சொல்ல முடிந்தது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஒரு மீன்தான், எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு இவ்வளவு தூரமா என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். காற்றும் மழையும் கெடுக்கலாம், டால்பின் வராமலும் போகலாம். நாங்கள் ஒரு சாயங்காலம்தான் இருந்தோம், எங்களுக்கு வந்தது. அதை வைத்து எல்லோருக்கும் வரும் என்று சொல்ல மாட்டேன். மகளோ மகனோ அந்த ஊரில் இல்லாதவர்கள் இதற்காகவே ஆஸ்திரேலியா போகச் சொல்லவும் எனக்கு மனமில்லை. தங்குமிடச் செலவே முதுகை ஒடித்துவிடும்.

பிரிஸ்பேன் போகிறவர்கள் செலவைக் குறைக்க நினைத்தால் டின் கேன் பே இருக்கிறது. வடக்கே காரில் மூன்று மணி நேரம். அங்கே காலை எட்டு மணிக்கு வேறு வகை டால்பின்களுக்கு, முதுகில் திமில்போல் மேடு உள்ளவற்றுக்கு, மீன் கொடுக்கிறார்கள். குயின்ஸ்லாந்தில் காட்டு டால்பினுக்கு மீன் கொடுக்க அனுமதி உள்ளது இந்த இரண்டு இடங்களில்தான். நாங்கள் போகவில்லை. விடியற்காலையில் குழந்தைகளைக் கிளப்புவது உங்களால் முடியும் என்றால் பாருங்கள்.

துபாயிலும் கிரீக் பார்க்கில் 2008இலிருந்து ஒரு டால்பின் கூடம் இருக்கிறது. நான் போனதில்லை. கொழுந்தன் மகன் குடும்பம் போய்வந்து, குளிரூட்டிய அரங்கு, வெயில் தெரியாது, காட்சி அருமை என்றார்கள். ஆனால் அதுவும் தொட்டிதான் என்பதால் நான் மேலே விசாரிக்கவில்லை.

மீன் ஊட்டாவிட்டாலும் பரவாயில்லை, கடலில் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு இலங்கையின் கற்பிட்டி இருக்கிறது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை படகில் போனால் கூட்டம் கூட்டமாக, சுழன்று குதிக்கும் டால்பின்கள். நம் மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும்கூட டால்பின் உண்டு. தமிழில் ஓங்கில் என்ற அழகான பெயரும் உண்டு. தொண்டி, ராமேசுவரம் பக்கம் படகில் போகும்போது கண்ணில் பட்டால் தயவுசெய்து மீனை வீசிக் கூப்பிடாதீர்கள். 1972 வன உயிரினச் சட்டத்தில் அது முதல் அட்டவணையில் இருக்கும் உயிர். அளந்து கொடுக்க அங்கே ஆளும் இல்லை.

டங்கலூமாவுக்குச் சீட்டு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு நாள் பயணச்சீட்டுகளில் சிலவற்றில் டால்பினைப் பார்ப்பது மட்டும்தான் இருக்கும், ஊட்டுவது சேராது. "ஊட்டுவதும் உண்டா, எத்தனை பேருக்கு?" என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள். ஆளுக்கு இரண்டு துண்டு, ஒரு மாற்று உடை, திரும்பும் படகுக்குக் கம்பளிச் சட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஜூனில் சென்டோசா என்று மகன் இப்போதே சொல்கிறான், சின்னப் பேத்திக்கு அப்போது நாலு வயது நிரம்பும். கூடப் போவேன். அவள் கையில் மீனைக் கொடுப்பதை மட்டும், பிரிஸ்பேன் போகும்வரை தள்ளிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.